முதல் முப்பது விநாடி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்தொன்பது வருஷம் டிரங்க் கால் போட்டவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இந்த விஷயத்தில் யாருக்கெல்லாம் நான் நன்றி சொல்ல வேண்டுமோ, அவர்களையெல்லாம் தேடிப் பிடித்துத் திட்டியிருக்கிறேன்.

என் பெயர் சாருலதா. மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில் இரண்டாவது மாடி. சின்ன வயசில் முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டேன். மேடை ஏறவில்லை, யாரும் ஏற்றவும் இல்லை. முப்பது வயசுக்கு மேல் நானே பாட்டுக் கட்ட ஆரம்பித்தேன். சாமி பாட்டு இல்லை, காதல் பாட்டும் இல்லை. 5பி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர்களைப் பற்றி ஒன்று. கைப்பம்பில் தண்ணீர் வராத வருஷத்தைப் பற்றி ஒன்று. எக்ஸ்சேஞ்சைப் பற்றி ஒன்று. அந்தக் காலத்தில் டிரங்க் கால் மூன்று நிமிஷம். முடிந்ததும் நாங்கள் நடுவில் புகுந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா?” என்று கேட்போம். அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாலும் சரி, சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேள்வியையே பல்லவியாக வைத்து சகானா ராகத்தில் ஒரு பாட்டுக் கட்டினேன்.

கேட்டவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு “நன்னா இருக்குடி” என்பார்கள். காப்பி நன்றாக இருக்கிறதா பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கடைசிவரை எனக்குத் தெரிந்ததில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சொந்தமும் இல்லாத, சிநேகிதமும் இல்லாத, என் வீட்டுக் காப்பியைக் குடிக்காத ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், என் குரலை முழுசாக ஒரு பாட்டுக் கேட்க வேண்டும்.

தொண்ணூற்றேழு கடைசியில் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. ஆபத்து இல்லை, ஆனால் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டிக்கொண்டு போகிறது, எவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்தாலும் குரல் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பத்து நாள் தவணை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பத்து நாளுக்குள் எட்டுப் பாட்டையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட்டை ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தார்கள். சுவர் முழுக்க முட்டை அடுக்குகிற அட்டை. எங்கள் ஆத்தில் முட்டையைக் கண்ணால் பார்க்காதவள் இரண்டு நாள் அதற்கு நடுவில் உட்கார்ந்து பாடினேன். மிருதங்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி கஸ்தூரிரங்கன். புல்லாங்குழலுக்கு அவன் பெண் மஹதி. தம்புரா எங்கள் வீட்டு மனிதர்.

அவர் பெயர் சாய்நாத். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. பாடத் தெரியாது, ராகம் பேர் தெரியாது. கல்யாணமான புதிதில் நான் சாதகம் பண்ணும்போது சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று தம்புராவைக் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து தினம் காலையில் அவர்தான் போடுவார். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அவர் நாலு தந்தியையும் போட்டுக்கொண்டே இருப்பார். எப்போது தலையை ஆட்டுகிறாரோ அப்போதுதான் நான் ஆரம்பிப்பேன். ஏன் அப்படி என்று யோசித்ததே கிடையாது. சுருதி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிரோடு எழுந்தேன். குரல்தான் எழவில்லை. மூன்று மாசம் காற்று மட்டும் வந்தது, அப்புறம் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து அப்படியே நின்றுவிட்டது. எக்ஸ்சேஞ்சில் என்னை பில்லிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். என் குரல் இந்த உலகத்தில் அந்த எட்டுப் பாட்டில் மட்டும்தான் பாக்கி. அது முந்நூறு கேசட்டாக எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

தி. நகரில் கேசட் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். எல்லாரும் ஒரே கேள்வி. பக்தியா மேடம், சினிமாவா, கச்சேரியா? எதுவும் இல்லை என்றால், எந்த ரேக்கில் வைப்பது என்பார்கள். என் இப்போதைய குரலைக் கேட்டுவிட்டு, “பாடினது நீங்களா?” என்று ஒருத்தன் சிரித்தான். அவன் மேஜையில் இருந்த காலண்டரைத் தள்ளிவிட்டு வந்தேன்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் வீட்டு மனிதர் தினம் காலை குளித்துவிட்டு வந்து தம்புராவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பதினைந்து நிமிஷம் போடுவார். பாடுவதற்கு ஆள் இல்லாத தம்புரா. நான் சமையலறையில் பாத்திரங்களை உருட்டுவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், யாருக்காகப் போடுகிறீர்கள் என்று கத்தினேன். கத்தவும் முடியவில்லை, இருமல்தான் வந்தது. அவர் மறுநாளும் போட்டார்.

ஹனீஃபாவை நான் கண்டுபிடித்தது தொண்ணூற்றெட்டு ஐப்பசி மழையில். உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் மாடியில் அவன் கடை. கீழே வளையல் கடை, மேலே நாலு கம்ப்யூட்டர், வாசலில் ‘பிரவுசிங் சென்டர்’ என்று போர்டு. மழைக்கு ஒதுங்கி மாடிப்படியில் நின்றபோது இன்னொரு காகிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சொந்தமாகக் கேசட் போட்டவர்களின் பாட்டை இன்டர்நெட் கடையில் விற்றுத் தரப்படும் என்று எழுதியிருந்தது. இது என்ன புது மோசடி என்று கேட்கத்தான் மேலே ஏறினேன்.

அவனுக்கு முப்பது வயசு இருக்கும். நான் திட்ட ஆரம்பிப்பதற்குள் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தான். அமெரிக்காவில் ஒரு கடை, சுவர் கிடையாது, ஷட்டர் கிடையாது, கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. தனி ஆள் போய் நின்றால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், ஏஜென்ட் மூலமாகத்தான் வரவேண்டும், மெட்ராஸுக்கு ஏஜென்ட் அவன். ஏழெட்டு மாசத்துக்கு ஒரு தடவை இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு பேரின் பாட்டை சிடியில் எழுதி மொத்தமாகப் பார்சல் அனுப்புவான். உலகத்தில் எந்த ஊரில் இருப்பவரும் முப்பது விநாடி இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். பிடித்தால் பணம் கட்டி வாங்கலாம், அவர்கள் சிடி எழுதித் தபாலில் அனுப்புவார்கள். இதையெல்லாம் நிதானமாகச் சொன்னான்.

பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்தான். பெயர், பாட்டின் பெயர், பக்கவாத்தியம். மிருதங்கத்துக்கு, புல்லாங்குழலுக்கு எல்லாம் பெயர் சொன்னேன். அடுத்தது வகை. அந்த இடம் வந்ததும், இனி வழக்கமான கதைதான் என்று பையை எடுத்துக்கொண்டேன். எந்த ரேக் என்று தெரியவில்லை, இல்லையா என்று கேட்டேன். அவன் தலையைத் தூக்காமல், “இதுல கடைசியா ‘மற்றவை’னு ஒண்ணு கீதுக்கா, அதுல போட்டுக்கலாம்” என்று டிக் அடித்துவிட்டான்.

மற்றவை என்று ஓர் இடம் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அப்போதே ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். பார்சல் போய்ச் சேருமா என்று மூன்று தடவை அதட்டிவிட்டு வந்தேன்.

தை மாசத்தில் கடையில் என் பெயர் வந்துவிட்டது. பார்க்கிறதற்கு எங்கள் வீட்டு மனிதரையும் அழைத்துக்கொண்டு போனேன். படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்கியது. என் கேசட்டின் அட்டை, என் பெயர், எட்டுப் பாட்டு. கேட்டுப் பார்க்கலாமா என்றால், கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. பரவாயில்லை, எனக்குத் தெரிந்த குரல்தானே என்றேன். ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் எத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள் என்று ஓர் எண் இருந்தது. எல்லாம் பூஜ்யம்.

பங்குனியில் ஹனீஃபா எக்ஸ்சேஞ்சுக்கே போன் பண்ணினான். முதல் பாட்டை நானூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள்!

நானூற்றுப் பன்னிரண்டு பேர். அன்றைக்குப் பாயசம் வைத்து நாலு ஃபிளாட்டுக்கும் கொடுத்தேன். ஒரு சிடிகூட விற்கவில்லை என்பதை எல்லாம் நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓசியில் கேட்கிறார்களா, கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒன்று உறுத்தியது. இத்தனை பேர் கேட்டும் ஒருத்தருக்குக்கூட மிச்சப் பாட்டைக் கேட்கத் தோன்றவில்லையா? அடுத்த வாரம் ஹனீஃபா ஸ்பீக்கர் வாங்கிவிட்டான் என்றதும், அந்த முப்பது விநாடியை என் காதால் கேட்டுவிடலாம் என்று இரண்டு பேருமாகப் போனோம்.

முதல் பாட்டை அமுக்கினான். தம்புரா வந்தது. பத்து விநாடி, இருபது விநாடி, தம்புரா. முப்பதாவது விநாடியில் டக்கென்று நின்றது. இரண்டாவது பாட்டை அமுக்கினான். தம்புரா. மூன்றாவது, தம்புரா. எட்டுப் பாட்டும் ஒரே மாதிரி. அந்தக் கடை எந்தப் பாட்டிலும் முதல் முப்பது விநாடியைத்தான் வெட்டி வைக்குமாம். எங்கள் வீட்டு மனிதர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம் என்று தம்புரா போட்டிருக்கிறார். கச்சேரியில் அதை யார் கணக்குப் பார்ப்பார்கள்? சுருதி சேர்ந்து, சபை அடங்கி, அப்புறம்தானே பாட்டு. ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஒருத்தருக்கும் அது நீளமாகவே படவில்லை. சினிமாக்காரர்களாக இருந்தால், எதற்கு இத்தனை நேரம் தம்புரா என்று முதல் பாட்டிலேயே கேட்டிருப்பார்கள்.

என் குரல் ஒரு விநாடிகூட அந்தக் கடையில் இல்லை.

ஹனீஃபாவுக்கு முன்னாலேயே அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். “ஏன்னா, லோகம் பூரா உங்க தம்புராவைக் கேட்டுண்டிருக்கு. நான் எங்கே இருக்கேன் இதுல? சித்த முன்னாடி தலையை ஆட்டியிருந்தா என்ன கொள்ளை போயிருக்கும்?”

அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். தப்புதான் என்று மட்டும் சொன்னார். ஹனீஃபா நடுவில் வந்து, அடுத்த பார்சலில் தம்புராவை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதி அனுப்புகிறேன், ஆவணி வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினான். நான் படி இறங்கி 5பி பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன். அவர் அடுத்த பஸ்ஸில் வந்தார். ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரமும் காலையில் தம்புரா சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனி மாசத்தில் முதல் சிடி விற்றது. ஹனீஃபா போனில் சொன்னான், ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை. குரலை வைத்தே ஆளைச் சொல்கிறவள் நான், எனக்கா தெரியாது? உடனே ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு கடிதமும் வந்திருந்தது. அதைக் காட்ட மாட்டேன் என்றான். காட்டாவிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது.

நார்வே தேசத்தில் பெர்கன் என்கிற ஊர். எழுதினவர் பெயர் வேதநாயகம், சொந்த ஊர் யாழ்ப்பாணம், அங்கே மீன் பதனிடுகிற ஆலையில் வேலை. வயலின் பழகிக்கொண்டிருக்கிறாராம். உங்கள் தம்புரா சுருதிக்கு மிக நன்றாக இருந்தபடியால் சுருதி மட்டும் உள்ள சிடி என்று நினைத்துக் காசு கட்டி வாங்கினேன், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மா பாடத் தொடங்கிவிடுகிறார், பழகுவதற்கு இடைஞ்சலாக உள்ளது என்று எழுதியிருந்தார். கடைசி வரி எனக்கு மனப்பாடம். “தயவுசெய்து, பாட்டு இல்லாத சிடி இருந்தால் மாற்றி அனுப்பவும்.”

நாற்பத்தாறு வயசு வரை ஒரே ஓர் அன்னிய மனிதர் வேண்டும் என்று கேட்டேன். கடவுள் கொடுத்துவிட்டார். அவர் என்னை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தரச் சொல்கிறார்.

ஹனீஃபா எனக்கு டீ வரவழைத்தான். என் முகத்தைப் பார்க்காமல், “அவரு கேட்டாரு இல்லக்கா? கேக்காம எப்டித் திட்டுவாரு?” என்றான். அந்த நேரத்தில் அது ஆறுதலாகவே படவில்லை. டீயைக் குடிக்காமல் வந்தேன். வீட்டுக்கு வந்து காகிதத்தை அவர் மடியில் போட்டேன். இந்தாங்கோ, உங்களுக்கு ரசிகர் கடிதம் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தேன். கண்ணீர் காதுக்குள் போயிற்று. கட்டிலுக்கு அடியில் முந்நூறு கேசட்.

அவர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் லஸ்ஸுக்குக் காய் வாங்கப் போயிருந்தபோது, டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரில் வெற்று கேசட்டைப் போட்டு, ஒரு பக்கம் முழுக்க, திருப்பி இன்னொரு பக்கமும் முழுக்க, ஒரு மணி நேரம் வெறும் தம்புரா போட்டு எடுத்திருக்கிறார். ஹனீஃபாவிடம் விலாசம் வாங்கி ஏர் மெயிலில் அனுப்பிவிட்டார். எனக்கு ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்தது. என்னைத் திட்டினவனுக்குக் கேசட்டா என்று கேட்டேன். “பாவம், சாதகம் பண்றான் சாரு. நின்னுடக்கூடாதோல்லியோ” என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆவணி பிறந்து, பார்சல் போகிற வாரம். தம்புராவை வெட்டுவதற்கு எங்கே எங்கே வெட்ட வேண்டும் என்று நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும் என்றான் ஹனீஃபா. சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். போனதும் அவன் வேலையை ஆரம்பிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “பெர்கன்காரரு மறுபடி எழுதிகீறாரு. நானே படிக்கிறேன், நீங்க கேளுங்க” என்றான். மறுபடியும் என்ன குறை கண்டுபிடித்தாராம் என்றேன். அவன் திரையைப் பார்த்து மெதுவாகப் படித்தான்.

“மதிப்புக்குரிய அம்மாவுக்கும் ஐயாவுக்கும். தம்புரா கேசட் கிடைத்தது. காசு வாங்காமல் ஒரு மணித்தியாலம் எனக்காக வாசித்து அனுப்பியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தை நினைத்து வெட்கப்படுகிறேன். அதற்கு முன்பு நான் கடையில் இருந்த இலவச முப்பது விநாடியை வைத்துத்தான் பழகினேன். முப்பது விநாடிக்கு ஒரு தடவை அது நின்றுவிடும். என் மனைவி பக்கத்தில் இருந்து பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டே இருப்பா. நூற்றுக்கணக்கான தடவை அமத்தியிருப்பா.”

நானூற்றுப் பன்னிரண்டு! நான் பாயசம் வைத்துக் கொண்டாடின அத்தனை பேரும் இந்த ஒரே வேதநாயகமும் அவர் பெண்டாட்டியும்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹனீஃபா கையைக் காட்டி, இருங்கள் என்றான்.

“உங்கள் கேசட்டில் தம்புரா ஒரே சீராகப் போகிறது. சிடியில் அப்படி இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகையால் காதுக்குள் வைக்கும் ஸ்பீக்கரைப் போட்டு சிடியைத் திரும்பக் கேட்டேன். இரண்டாவது பாட்டுக்கு முன்னால் ஒரு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் இருக்கிறது. பாடுகிற அம்மா விழுங்குகிறார். விழுங்கக் கஷ்டப்படுகிறார். அப்போது தம்புரா கொஞ்சம் மெதுவாகிறது. மூச்சு ஒழுங்காக வந்த பிறகுதான் பாட்டுத் தொடங்குகிறது. எட்டுப் பாட்டிலும் இப்படித்தான். ஓரிடத்தில் நாற்பத்தைந்து விநாடி, ஓரிடத்தில் அறுபது. சிடியில் தம்புரா சுருதிக்காக வாசிக்கப்படவில்லை. அவர் பாடகிக்காகக் காத்திருக்கிறார்.”

நான் திரும்பி எங்கள் வீட்டு மனிதரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் பேனாவைச் சரியாகக் குத்திக்கொண்டிருந்தார்.

“அப்படியா?” என்றேன்.

“முழுங்கிண்டே இருந்தே சாரு. கட்டி அழுத்தறது தெரிஞ்சுது. நிறுத்தலாம்னா என்னைக் கடிச்சுத் தின்னுருப்பே. அதான், இறங்கட்டும்னு போட்டுண்டே இருந்தேன்.”

அந்த ஸ்டூடியோவில், கழுத்தில் கட்டியோடு, பத்து நாளில் குரல் போய்விடும் என்கிற பயத்தோடு, நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அது எப்போது ஆடும் என்று. அது சுருதிக்காக ஆடுகிற தலை என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த மகராசி நான்.

ஹனீஃபா மிச்சத்தைப் படித்தான். அப்படிக் கேட்கப் போய்த்தான் வேதநாயகம் பாட்டையும் கேட்டிருக்கிறார். மூன்றாவது பாட்டில், அந்த டிரங்க் கால் பாட்டில், நின்றுவிட்டாராம். தொண்ணூற்றொன்றில் அவருடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மூன்று நாள் பிரயாணம் பண்ணி வந்து, ஒரு லாட்ஜில் காத்திருந்து அவரோடு டெலிபோனில் பேசியிருக்கிறார். நேரம் முடிந்தது என்று லைனைத் துண்டித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தாயாரின் குரலைக் கேட்கக் கிடைக்கவே இல்லை. “அந்த ஆபரேட்டர்மேல் எட்டு வருடமாக எனக்குக் கோபம். உங்கள் பாட்டைக் கேட்ட பிறகு, அந்தப் பெண்ணும் எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள் என்று விளங்கியது. பாட்டை முழுதாகக் கேட்டேன். மனைவியும் கேட்டா. திரும்பக் கேட்டோம். உங்களுக்கு நன்றி.”

நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். டிரங்க் கால் பெண்ணுக்கு நன்றி என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிரகிருதி சொன்னதில்லை.

கடைசியில் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். பாடகி இப்போதும் பாடுகிறாரா? தம்புரா வாசிப்பவரின் பெயர் என்ன? சிடி அட்டையிலும் இல்லை, கடையிலும் இல்லை, எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. ஃபாரத்துக்கு நான் சொல்லியிருந்தால்தானே. மிருதங்கத்துக்குச் சொன்னேன், புல்லாங்குழலுக்குச் சொன்னேன். தம்புராவுக்குப் பெயர் போடுகிற வழக்கம் எங்கே இருக்கிறது? சபா நோட்டீஸில் யாராவது பார்த்ததுண்டா? பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள், அவ்வளவுதான். எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். ஆனால் மற்றவர்கள் யாரும் அந்தத் தம்புராக்காரரைக் கட்டிக்கொண்டு அதைச் செய்யவில்லை.

ஃபாரத்தை எடு என்றேன் ஹனீஃபாவிடம். வெட்ட வேண்டாம். ஒரு விநாடிகூட வெட்ட வேண்டாம், முப்பது விநாடியும் அப்படியே இருக்கட்டும். பக்கவாத்தியம் என்கிற இடத்தில் முதல் பெயராகத் தம்புரா, சாய்நாத் என்று போடச் சொன்னேன். அவர், எதுக்கு இதெல்லாம் என்று இழுத்தார். நீங்கள் சும்மா இருங்கள் என்றேன். ஹனீஃபா சிரித்துக்கொண்டே அடித்தான். அப்போதுதான் அவனுக்கும் சொன்னேன். மழைக்கு ஒதுங்கினவளுக்குத் துண்டு கொடுத்தாய், ‘மற்றவை’யில் இடம் கொடுத்தாய், ஒரு தடவைகூட என்னைத் திருப்பித் திட்டவில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும் என்றேன். அவனுக்கு முகம் சிவந்துபோய், “இன்னாக்கா நீங்க” என்று ஸ்பீக்கர் வயரைச் சரிபண்ணப் போய்விட்டான்.

பதில் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவன் டைப் அடித்தான். அன்புள்ள வேதநாயகம் அவர்களுக்கு, பாடகி இப்போது பாடுவதில்லை, ஆபரேஷனில் குரல் போய்விட்டது, அவள்தான் இந்தக் கடிதத்தைச் சொல்கிறாள். தம்புரா வாசிப்பவர் பெயர் சாய்நாத். அவர் இன்னும் தினமும் காலையில் வாசிக்கிறார்.

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். அடுத்து என்னக்கா என்று ஹனீஃபா கேட்டான். ஒன்றரை வருஷமாக யாருக்காகப் போடுகிறீர்கள் என்று மனசுக்குள் கேட்டுக் கேட்டுப் பாத்திரத்தை உருட்டினேனே, பதில் பெர்கனிலிருந்து வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்து தம்புராவை எடுத்தார். நான் சமையலறைக்குப் போகவில்லை. எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் தந்திகளைப் போட ஆரம்பித்தார். ஒரு டம்ளர் வெந்நீரைக் குடித்துக் கீழே வைத்தேன். விழுங்கினேன். மறுபடி விழுங்கினேன். அவர் போட்டுக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு தானாக அடங்கினதும் அவர் தலை ஆடியது.

பாடினேன். பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. மேலே போக வேண்டிய இடத்தில் காற்று போயிற்று, கீழே வந்தபோது கரகரவென்று வந்தது. சுருதியைத் தொட்டேன், விட்டேன், மறுபடி தொட்டேன். பல்லவியை மூன்று தடவை சொல்வதற்குள் தொண்டை வலித்தது. நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

“மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் பாடணுமா?” என்றேன்.

அவர் தம்புராவை நிறுத்தவில்லை.